மாதம் 27,200 ரூபாய், 20-ஆம் தேதிக்குள் காலி. ஓட்டை எங்கே?

தறிக்காரர் மகன் | ஜூலை 6, இரவு 10:40

சங்கரன்கோவிலிலிருந்து பெங்களூர் வந்து பதினாறு மாதங்கள் ஆகின்றன. வயது 23. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஆண்டுக்கு 3,84,000 என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நான் அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 32,000 என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் அந்த 32,000-க்குள்ளேயே அடக்கம் என்பது முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதற்கு மேல் என் பங்கு வைப்புநிதி 1,800, தொழில்வரி 200, காப்பீட்டுக்குக் கொஞ்சம். கையில் வருவது 27,200. அம்மா இன்னமும் தெருவில் 32,000 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செலவைச் சொல்கிறேன். பிடிஎம் லேஅவுட்டில் இருவர் தங்கும் பி.ஜி. அறை, காலையும் இரவும் சாப்பாட்டோடு 9,000. வீட்டுக்கு 6,000. கல்விக் கடன் தவணை 3,850. பஸ் பாஸ் 1,200. மதியச் சாப்பாடு, தேநீர் 2,600. போன் 350. கூட்டினால் 23,000. மீதம் 4,200 நிற்க வேண்டும். ஒரு மாதமும் நின்றதில்லை. 20-ஆம் தேதிக்குப் பிறகு கிரெடிட் கார்டைத் தேய்க்கிறேன். அதில் இன்று 18,400 நிலுவை. புகை இல்லை, மது இல்லை, மாதம் ஒரு சினிமா. பணம் எங்கேதான் போகிறது?

குறைகூறி | ஜூலை 6, இரவு 11:02

அந்த ஒரு சினிமாவுக்குப் பாப்கார்னும் உண்டா? விடை கிடைத்துவிட்டது. இழையை மூடலாம்.

இரவுப்பணி | ஜூலை 7, அதிகாலை 2:15

நண்பரே, 50-30-20 என்று ஒரு விதி இருக்கிறது. பாதிச் சம்பளம் அவசியத் தேவைக்கு, 30 விழுக்காடு விருப்பத்துக்கு, 20 விழுக்காடு சேமிப்புக்கு. எனக்கு அது உதவியது. முயன்று பாருங்கள்.

பழைய கணக்கர் | ஜூலை 7, காலை 6:30

இரவுப்பணி அவர்களே, தம்பியின் அவசியச் செலவே 23,000. அது 27,200-இல் ஏறக்குறைய 85 விழுக்காடு. மாதாமாதம் பெற்றோருக்குப் பணம் அனுப்ப வேண்டாதவர்களுக்கு எழுதிய விதி அது. அதைப் படித்தால் இவருக்குக் குற்ற உணர்வு மட்டும்தான் மிஞ்சும்.

தம்பி, முப்பத்தைந்து ஆண்டுகளாக ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். கடைகளுக்குக் கணக்கு எழுதியே காலம் கழிந்தது. ஒரு மாதக் கணக்கை வைத்துக்கொண்டு ஓட்டை தேடாதே, அது தெரியாது. கடந்த பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையையும் கார்டு அறிக்கையையும் இறக்கு. மாதந்தோறும் வருகிற செலவுகளை அடித்துவிடு. எப்போதாவது வந்தவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி இங்கே போடு. தேநீரையும் பாப்கார்னையும் பிறகு பார்ப்போம்.

அல்சூர் அக்கா | ஜூலை 7, காலை 9:12

ஐயா சொல்வதைச் செய்யுங்கள் தம்பி. நடுவே என் பங்குக்கு ஒன்று. மஞ்சள் தடம் திறந்ததிலிருந்து பிடிஎம்மிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோவிலேயே போகலாம் என்று பக்கத்து அறைக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். போகலாம்தான். ஆனால் போகவர ஒரு நாளைக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆகும். 22 நாளுக்குக் கணக்குப் போட்டால் உங்கள் பாஸின் விலையைப்போல் இரண்டு மடங்கு. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நிற்கும் நேரத்துக்கு விலை வைத்தால் கணக்கு மாறும், அது உங்கள் பாடு.

நான் ஆதாரில் முகவரியைப் பெங்களூருக்கு மாற்றிய நாளிலிருந்து சக்தி திட்டத்தில் பஸ்ஸுக்குக் காசே கொடுப்பதில்லை. 2023 ஜூனில் வந்த திட்டம், கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு. உங்களுக்குப் பயன்படாது. இந்த இழையைப் படிக்கும் தங்கைகள் ஊர் முகவரியையே இன்னும் வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் எழுதினேன்.

ராகிக்களி | ஜூலை 7, பகல் 1:40

கார்டு கடனை அடைக்கக் கடன் செயலியில் வாங்கிப் போடுங்கள் ப்ரோ. பத்து நிமிடத்தில் பணம் வந்துவிடும். நான் இருமுறை வாங்கியிருக்கிறேன்.

நெறியாளர் | ஜூலை 7, பகல் 2:05

ராகிக்களி குறிப்பிட்ட செயலியின் இணைப்பை நீக்கியிருக்கிறேன். எவரும் செயலியில் கடன் வாங்குவதாக இருந்தால், வட்டியும் கட்டணமும் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்பதை முன்கூட்டியே தாளில் காட்டச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி அதைக் காட்டியாக வேண்டும். உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களைக் கேட்கும் செயலியை அந்த நொடியே நீக்கிவிடுங்கள்.

தறிக்காரர் மகன் | ஜூலை 9, இரவு 11:50

இரண்டு இரவுகள் ஆயின. எழுதும்போதே கை கொஞ்சம் நடுங்கியது.

ஊருக்குப் போய்வந்தது ஆறுமுறை, 14,600. இதில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தனியார் பஸ்ஸுக்குக் கொடுத்தது மட்டும் பாதிக்கு மேல். மடிவாளாவில் நின்றுகொண்டு ஒரு நடைக்கு 2,900 கொடுத்திருக்கிறேன். மொய் ஐந்து வீடுகளுக்கு 6,500. அக்கா மகளுக்குக் காது குத்து, நான்தான் தாய்மாமன், தோடும் பாவாடை சட்டையும் சீர்த்தட்டுமாக 12,000. பழைய பி.ஜி.யைக் காலி செய்தபோது, ஒரு மாதம் முன்னதாகச் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்ட முன்பணம் 4,000. பல் வேர்ச் சிகிச்சை 6,500. போன் திரை உடைந்தது 3,800. வீட்டில் எல்லோருக்கும் தீபாவளித் துணி 7,000.

மொத்தம் 54,400.

பழைய கணக்கர் | ஜூலை 10, காலை 6:20

பன்னிரண்டால் வகுத்தாயா? மாதம் 4,533. உன் கையில் மீதம் நிற்க வேண்டியது 4,200. அதாவது, மீதம் என்று நீ நினைத்த பணம் ஒருநாளும் உன்னுடையதாக இருந்ததில்லை. அது தாய்மாமன் சீருக்கும் பல்லுக்கும் முன்பே எழுதிவைத்த பணம். யாருக்கு எப்போது என்பது மட்டும் உனக்குத் தெரியவில்லை.

ஆண்டுக்கு 4,000 துண்டு விழுகிறது. கார்டில் 18,400 நிற்கிறதே, மற்ற 14,400 எப்படி வந்தது? கொஞ்சம் வெளியே சாப்பிட்டிருப்பாய். மீதி வட்டியாக இருக்கும். கார்டுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறாய்?

தறிக்காரர் மகன் | ஜூலை 10, காலை 8:45

ஆயிரம் ஐயா. அறிக்கையில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கட்டுகிறேன். அதனால் வட்டி வராது என்று நினைத்தேன்.

இரவுப்பணி | ஜூலை 11, அதிகாலை 3:05

இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வங்கியின் கார்டு வாடிக்கையாளர் சேவையில் நான்கு ஆண்டுகள் இரவில் போன் எடுத்தவன் நான். தினமும் பத்துப் பேராவது இதையே சொல்வார்கள்.

குறைந்தபட்சத் தொகை கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் 3.6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 18,400-க்கு 662 ரூபாய். வட்டிக்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 780. நீங்கள் கட்டும் ஆயிரத்தில் 220 ரூபாய்தான் கடனைத் தொடுகிறது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. முழு நிலுவையையும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே கிடையாது. இன்று கார்டில் 40 ரூபாய்க்கு இட்லி சாப்பிட்டாலும் இன்றிலிருந்தே வட்டி. ஆகவே முதலில் கார்டை மேசைக்குள் வையுங்கள். போன் செயலிகளில் சேமித்துவைத்த கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். பிறகு பேசுவோம்.

50-30-20 சொன்னதற்கு மன்னிக்கவும். உங்கள் கணக்கை முழுதாகப் படிக்காமல் எழுதிவிட்டேன்.

மடிவாளா மழை | ஜூலை 11, காலை 10:30

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். அந்த 54,400-இல் காது குத்து ஒருமுறைச் செலவு. பி.ஜி. முன்பணமும் ஒருமுறைதான். போன் திரையும் அப்படியே. அவற்றைக் கழித்தால் 34,600. தீபாவளிக்கு ரயிலில் போனால் இன்னும் ஆறாயிரம் குறையும். அடுத்த ஆண்டு நன்றாகவே இருக்கும்.

அல்சூர் அக்கா | ஜூலை 11, காலை 11:15

மழை, உங்களுக்குக் கல்யாணமான அக்கா இல்லை போலிருக்கிறது. காது குத்து முடிந்தால் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை. அது முடிந்தால் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். பி.ஜி. முன்பணம் போகாத ஆண்டில் செருப்பும் பையும் கண்ணாடியும் ஒரே மாதத்தில் பிய்ந்துபோகும். பன்னிரண்டு ஆண்டுகள் இந்த ஊரில் இருந்து சொல்கிறேன், ஒருமுறைச் செலவு என்று ஒன்று கிடையாது. பெயர்தான் மாறுகிறது, தொகை மாறுவதில்லை. தம்பி 4,500-ஐத் தனியாக எடுத்துவைக்கத்தான் வேண்டும்.

குறைகூறி | ஜூலை 11, பகல் 12:20

எதிலிருந்து எடுத்துவைப்பது? அதையும் சொல்லிவிடுங்கள்.

அல்சூர் அக்கா | ஜூலை 11, பகல் 12:48

குறைகூறி முதல்முறையாக நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

அறையை மாற்றி ஆயிரம் மிச்சம் பிடிக்கலாம், சிங்கசந்திரா, ஹொசா ரோடு பக்கம் போனால். ஆனால் உள்ளே போக இன்னொரு முன்பணம் வேண்டும். நண்பர்களோடு வீடு எடுக்கலாம் என்பார்கள். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்ட ஊர் இது. இப்போது ஐந்தாறு மாதத்துக்குப் பேசி முடிக்க முடிகிறது, அந்தப் பணமும் தம்பியிடம் இல்லை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். மதியச் சாப்பாட்டில் அறுநூறு குறையலாம், பி.ஜி.யில் காலையில் செய்ததை டப்பாவில் கட்டிக்கொண்டு போனால். அரசின் இந்திரா கேன்டீன் பக்கத்தில் இருந்தால் சிற்றுண்டி ஐந்து ரூபாய், சாப்பாடு பத்து ரூபாய், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பல் வலி வந்தால் கோட்டைப் பக்கம் விக்டோரியா மருத்துவமனையை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரை நாள் போகும், காசு கொஞ்சம்தான் போகும்.

இவை எல்லாம் சேர்ந்தாலும் போதாது. ஆகவே யாரும் சொல்லத் தயங்குவதை நான் சொல்கிறேன். கார்டுக் கடன் முடியும்வரை வீட்டுக்கு அனுப்பும் 6,000-ஐக் குறைக்க வேண்டும். அம்மாவிடம் 27,200 என்ற உண்மையைச் சொல்ல வேண்டும்.

ராகிக்களி | ஜூலை 11, பகல் 1:10

வீட்டுப் பணத்தில் கை வைப்பதா? அதற்குச் செயலியே தேவலை.

விசைத்தறி எண் 7 | ஜூலை 11, மாலை 4:35

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். தறி ஓடும் வாரத்தில் கூலி, ஓடாத வாரத்தில் ஒன்றுமில்லை. மகன் அனுப்பும் 6,000 மட்டும்தான் அந்த வீட்டில் தேதி தவறாமல் வரும் பணமாக இருக்கும். அல்சூரில் உட்கார்ந்து ‘குறை’ என்று எழுதுவது எளிது.

அல்சூர் அக்கா | ஜூலை 11, மாலை 5:20

நியாயம். ஆனால் ஒன்று யோசியுங்கள். இப்போதே அவர் அந்தப் பணத்தை முழுதாகத் தன் சம்பளத்திலிருந்து அனுப்பவில்லை. 5-ஆம் தேதி வீட்டுக்கு 6,000 அனுப்பிவிட்டு, 20-ஆம் தேதி கார்டைத் தேய்க்கிறார். அம்மாவுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியை வங்கியிடம் 43 விழுக்காடு வட்டிக்கு வாங்கித்தான் அனுப்புகிறார், வரியைச் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டுகிறது. இது தெரிந்தால் எந்த அம்மா வாங்குவார்?

பழைய கணக்கர் | ஜூலை 11, இரவு 7:00

மொய்யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைச் செலவுப் பட்டியலில் போட்டுவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். உங்கள் பக்கம் மொய் நோட்டில் எழுதுவார்கள் அல்லவா? அக்காவின் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அந்த நோட்டில் இருக்கும். நீ இப்போது எழுதும் 6,500-இல் பாதி அந்தக் கடனைத் திருப்பிக் கொடுப்பதாக இருக்கும். அதைக் குறைக்க முடியாது. நோட்டில் இல்லாத வீடுகளுக்கு அலுவலகச் சம்பளக்காரன் என்ற பெருமைக்காக ஆயிரம், ஆயிரத்தைந்நூறு எழுதியிருந்தால், அதைக் குறைக்கலாம். நோட்டை வாங்கிப் பார்க்காமல் மொய் எழுதாதே.

தறிக்காரர் மகன் | ஜூலை 13, இரவு 9:30

அம்மாவிடம் பேசினேன். 27,200 என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘அப்படியானால் ஏன் துணிக்கு ஏழாயிரம் செலவழித்தாய்’ என்று திட்டினார்.

அடுத்துச் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் அனுப்பும் 6,000-இல் 4,000-தான் வீட்டுச் செலவுக்குப் போகிறதாம். 2,000-ஐத் தெருவில் ஒரு பெண்மணி நடத்தும் தீபாவளிச் சீட்டில் கட்டிவருகிறாராம், ஒன்பது மாதங்களாக. பன்னிரண்டு மாதம் கட்டினால் 24,000 பணம், ஒரு சேலை, ஒரு பெட்டி இனிப்பு. எனக்குத் தெரியாமல் எனக்காகத்தானாம், வண்டி வாங்க.

இரவுப்பணி | ஜூலை 14, அதிகாலை 1:55

ஒரே குடும்பத்தில் ஒரு கை ஐம்பது விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்குகிறது, மறு கை ஒரு சேலைக்காகச் சேமிக்கிறது. போனில் நான் கேட்ட கதைகளில் இது புதிது. அழைத்த எவரும் தங்கள் அம்மாவைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பழைய கணக்கர் | ஜூலை 14, காலை 6:25

அந்தச் சீட்டு பதிவு செய்ததா? 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. தெருச் சீட்டுகள் பெரும்பாலும் நம்பிக்கையில் ஓடுபவை. அந்தப் பெண்மணி நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் கட்டாமல் நாலு பேர் இழுத்தடித்தால் நல்லவராலும் திருப்பித் தர முடியாது. சண்டை போட வேண்டாம். இத்தோடு நிறுத்தினால் கட்டியது கிடைக்குமா என்று அம்மாவை மெல்லக் கேட்கச் சொல்.

தறிக்காரர் மகன் | ஜூலை 16, இரவு 10:10

கேட்டார். கட்டிய 18,000 கிடைக்குமாம், ஆனால் தீபாவளிக்குத்தான். சேலையும் இனிப்பும் கிடையாது. அம்மாவுக்குச் சேலையில்தான் வருத்தம். அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்கு 4,000 அனுப்புகிறேன், வீட்டுச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அந்த 2,000-த்தோடு என் 2,000-த்தையும் சேர்த்து மாதம் 4,000 கார்டுக்கு. மீதி 2,200-ஐ, ஏடிஎம் அட்டை வாங்காத தனிக் கணக்கில் சம்பள நாளன்றே போட்டுவிடுகிறேன். 4,500 வேண்டும் என்று தெரிகிறது. கார்டு முடியும்வரை பாதிதான் முடியும்.

குறைகூறி | ஜூலை 16, இரவு 10:31

சினிமா?

தறிக்காரர் மகன் | ஜூலை 16, இரவு 10:33

உண்டு. பாப்கார்ன் இல்லை.

தறிக்காரர் மகன் | நவம்பர் 12, இரவு 9:05

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா? கணக்கு ஒப்படைக்க வந்தேன்.

மூன்று மாதம் 4,000 கட்டியதில் கார்டு நிலுவை 8,300 ஆனது. நடுவில் ஒருமுறை தடுமாறினேன். செப்டம்பரில் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு விருந்து, 850 ரூபாய் பங்கு. தனிக் கணக்கிலிருந்து எடுத்தேன், கார்டைத் தொடவில்லை. தீபாவளிக்கு அறுபது நாள் முன்பே மைசூரு – தூத்துக்குடி வண்டியில் கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். படுக்கை வசதியோடு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. திரும்பும் டிக்கெட்டைக் கோட்டைவிட்டதால் தனியார் பஸ்ஸுக்கு 2,400.

சீட்டுப் பணம் ஐந்து நாள் தாமதமாக வந்தது. அந்த ஐந்து நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். வந்த 18,000-இல் 8,500-ஐ என்னிடம் கொடுத்துக் கார்டை மொத்தமாக முடிக்கச் சொன்னார். முடித்துவிட்டேன். வட்டி இல்லை, ஆனால் மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரையும் தொகையையும் எழுதிவைத்திருக்கிறார். மாதம் ஆயிரம் கழிகிறது.

ஐயா திட்டுவார், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அம்மா அடுத்த சுற்றுச் சீட்டிலும் சேர்ந்துவிட்டார். ஆயிரம் ரூபாய் மட்டும். சேலைக்காகவாம்.

பழைய கணக்கர் | நவம்பர் 12, இரவு 9:40

திட்டவில்லை. என் மனைவியும் ஒரு தெருச் சீட்டில் இருக்கிறார். இந்த இழையை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தனிக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது?

தறிக்காரர் மகன் | நவம்பர் 12, இரவு 9:44

தீபாவளித் துணிக்கும் பயணத்துக்கும் போக 1,150. துணி இந்த முறை அப்பா அம்மாவுக்கு மட்டும். தைமாதம் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம், அல்சூர் அக்கா சொன்னது போலவே. நோட்டைப் பார்த்துவிட்டேன், சித்தப்பா எழுதியது 2,001.

அல்சூர் அக்கா | நவம்பர் 12, இரவு 10:02

பொங்கலுக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்றா தம்பி? ஜனவரி 13 வண்டிக்கு நாளை மறுநாள், 14-ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். திரும்பும் தேதியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கும் தனியாக அறுபது நாள் எண்ண வேண்டும்.

தறிக்காரர் மகன் | நவம்பர் 12, இரவு 10:06

7:45-க்கு அலாரம் வைத்திருக்கிறேன் அக்கா. திரும்பும் டிக்கெட் 18-ஆம் தேதிக்கு. அது நவம்பர் 19 காலை. அதற்கும் வைத்துவிட்டேன்.